சித்திரம் சுவரைத் தாங்குமா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. முதலில் சுவர் நிற்க வேண்டும். அதன் பிறகே பூச்சு, வண்ணம், படம் எல்லாம். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? சுவரின்மேல் அழகுக்காகப் போர்த்திய போர்வையே அந்தச் சுவரைச் சாயாமல் பிடித்து நிறுத்தும் வேலையையும் செய்தால், அதை நம்பி நாம் உள்ளே உறங்கலாமா?

இது வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வியன்று. அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து ஆகிய நாடுகளில் தனி வீடுகளுள் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் கட்டப்படுகின்றன. நம் ஊரைப்போல் செங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவதில்லை. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் உட்புறத்தில் ஜிப்சம் பலகைகளை ஆணியடித்துப் பொருத்தி, மூட்டுகளைப் பூசி மறைத்து, வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். அமெரிக்கர் இதை 'டிரைவால்', அதாவது உலர்சுவர் என்பர். பார்ப்பதற்கு அது வெறும் உட்பூச்சு. ஆனால் காற்றடிக்கும்போதும் நிலம் நடுங்கும்போதும் வீட்டைச் சாயவிடாமல் பிடிப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஜிப்சம் பலகை என்பது யாது?

ஜிப்சம் நமக்குப் புதியதன்று. திருச்சிராப்பள்ளி வட்டாரத்து மண்ணிலும் கிடைக்கும் ஒரு கனிமமே அது. வேதியியல் மாணவர்கள் இதனை நீரேறிய கால்சியம் சல்ஃபேட் என்று அறிவர். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீர். ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் அந்நீரில் நான்கில் மூன்று பங்கு ஆவியாகிப் போய்விடும். எஞ்சுவது பாரிஸ் சாந்து என்னும் வெண்பொடி. அதில் மீண்டும் நீர் ஊற்றிக் குழைத்தால் இழந்த நீரை ஏற்றுக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும். எலும்பு முறிந்தவர்க்கு மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டு இதுவே. முறிந்த எலும்பை அசையாமல் பிடித்து நிறுத்தும் அதே பொருள்தான் அந்நாடுகளில் வீட்டுச் சட்டத்தையும் பிடித்து நிறுத்துகிறது என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

இக்குழம்பை இரண்டு தாள்களுக்கிடையே ஊற்றி இறுகவைத்தால் ஜிப்சம் பலகை கிடைக்கும். அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894ஆம் ஆண்டில் இத்தகைய பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பலகையில் தாளும் சாந்தும் பல அடுக்குகளாக இருந்தன. இன்றுள்ளதுபோல் நடுவே ஒரே ஜிப்சம் தட்டும் இருபுறமும் தாளும் கொண்ட பலகை பின்னர் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மெல்லிய மரப்பட்டிகளை நெருக்கமாக அடித்து, அவற்றின்மேல் சாந்தை இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருப்பார்கள். பலகை வந்ததும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. உலர்சுவர் என்ற பெயரும் அதனால் ஏற்பட்டதே. இரண்டாம் உலகப் போரின்போது ஆட்பற்றாக்குறையும் அவசரமும் சேர்ந்து இதன் பயன்பாட்டைப் பெருக்கின.

வழக்கமான பலகை 4 அடி அகலமும் 8 அடி நீளமும் அரை அங்குலத் தடிப்பும் உடையது. இதில் தாளின் பங்கைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஜிப்சம் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் உடையும். இழுவிசையைத் தாங்குவது மேலே ஒட்டிய தாள்தான். ஆணியின் தலை அந்தத் தாளைக் கிழித்து உள்ளே புதைந்துவிட்டால், அந்த ஆணி அடித்தும் அடிக்காததற்குச் சமம்.

செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது

ஒரு தீப்பெட்டியை எடுத்துக் குச்சிகளோடு உள்பெட்டியை வெளியே இழுத்துவிடுங்கள். வெற்றுறையை மேசைமேல் வைத்து, அதன் மேல்விளிம்பை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். செவ்வகமாக இருந்த அதன் வாய் இணைகரமாகச் சாய்ந்து, பிறகு தட்டையாகப் படுத்துவிடும். நான்கு பக்கங்களின் நீளத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. கோணங்கள் மட்டுமே மாறின. இயற்பியலில் சறுக்குப் பெயர்ச்சி என்று நாம் படிப்பது இதுவே.

மரச்சட்ட வீட்டின் சுவரும் அந்த வெற்றுறை போன்றதுதான். கீழே ஒரு கிடைச்சட்டம், மேலே ஒரு கிடைச்சட்டம், இடையே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிலைச்சட்டங்கள். கூரையின் பாரத்தை இவை எளிதாகத் தாங்கும். ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளினால், ஒன்றிரண்டு ஆணிகளால் பிணைத்த மூலைகள் கோணம் மாறாமல் காக்க மாட்டா.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது நம் தச்சர்கள் அறிந்தது. கதவு நிலையைக் கூட்டி முடித்ததும், சுவரில் பொருத்தும் வரையில் அது கோணாமல் இருக்க, மூலையில் ஒரு ரீப்பரைச் சாய்வாக அடித்து வைப்பார்கள். செவ்வகத்துள் ஒரு முக்கோணம் உண்டாகிவிடுகிறது. பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் கோணத்தை மாற்ற யாராலும் முடியாது. அமெரிக்காவின் பழைய மரவீடுகளில் இப்படிச் சாய்வுச் சட்டங்களைச் சுவருக்குள் பதித்திருப்பதைக் காணலாம்.

இரண்டாவது மருந்து, சட்டத்தின் முகம் முழுவதையும் ஒரு தகட்டால் மூடிவிடுவது. அந்தத் தீப்பெட்டி உறையின் ஒரு வாயில் அட்டைத்துண்டு ஒன்றை விளிம்பெல்லாம் பசை தடவி ஒட்டிப் பாருங்கள். இப்போது தள்ளினால் அசையாது. பிறகு அதே அட்டையை நான்கு மூலைகளில் மட்டும் ஒரு துளிப் பசை வைத்து ஒட்டித் தள்ளிப் பாருங்கள். பிடிப்பு குறைந்துவிடும். இரண்டிலும் அட்டை ஒன்றுதான்; பசையில்தான் வேறுபாடு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போவதெல்லாம் எளிதாக விளங்கும்.

ஆணியில் இருக்கிறது சூட்சுமம்

ஜிப்சம் பலகை தன்னளவில் மிகவும் விறைப்பானது. அதை அதன் தளத்திலேயே இணைகரமாகச் சாய்ப்பது கடினம். எனவே சுவர் சாய முயலும்போது பலகை வளைவதில்லை. பலகையைச் சட்டத்தோடு பிணைத்துள்ள ஆணிகளே அசைகின்றன. சுவரின் வலிமை என்பது பெரும்பாலும் அந்த ஆணிகளைச் சுற்றியுள்ள ஜிப்சத்தின் வலிமையே.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1990களில் வழங்கிய கட்டட விதித்தொகுப்பு இதற்குக் கணக்குக் கொடுத்தது. அரை அங்குலப் பலகையை 7 அங்குலத்துக்கு ஓர் ஆணியாக அடித்தால், சுவரின் ஓர் அடி நீளத்துக்கு 100 பவுண்டு பக்கவாட்டு விசையைத் தாங்குவதாகக் கொள்ளலாம். அதே பலகைக்கு 4 அங்குலத்துக்கு ஓர் ஆணியாக அடித்தால் 125 பவுண்டு. அரை அங்குலத்துக்குச் சற்றே குறைந்த ஒட்டுப்பலகையை 6 அங்குல இடைவெளியில் ஆணியடித்தால் ஏறத்தாழ 260 பவுண்டு. ஆக, 8 அடி நீளச் சுவர் ஒன்றை ஒருபுறம் ஜிப்சம் பலகையால் மூடினால் 800 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 360 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைத் தாங்கும். ஒட்டுப்பலகையாயின் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. அறைக்கு உட்பூச்சாக மட்டும் பலகையைப் பொருத்துவோர், மேல் கிடைச்சட்டத்திலும் கீழ்க் கிடைச்சட்டத்திலும் ஆணியடிக்காமல் விட்டுவிடுவதுண்டு. பலகை விழாது, பார்வைக்கும் குறையில்லை. ஆனால் விசை மேலிருந்து கீழே செல்லும் வழி அறுந்துவிடுகிறது. எனவே பலகையைத் தாங்குசுவராகக் கணக்கிட வேண்டுமானால், நான்கு விளிம்புகளிலும் 7 அங்குலத்துக்கு மிகாமல் ஆணியோ திருகாணியோ இருக்க வேண்டும் என்று இன்றைய அமெரிக்க வீட்டுக் கட்டட விதி கட்டளையிடுகிறது. ஒருபுறம் மட்டும் பலகை இருந்தால் 8 அடி நீளமும், இருபுறமும் இருந்தால் 4 அடி நீளமும் இடையில் வாயிலோ சன்னலோ இல்லாத சுவராக இருத்தல் வேண்டும்.

வலிமை மட்டும் போதுமா?

எண்களை மட்டும் பார்த்தால், ஒட்டுப்பலகை ஓர் அடி தேவைப்படும் இடத்தில் ஜிப்சம் பலகையை இரண்டரை அடியாக வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதுதான் தவறு. சுவர் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது ஒரு கேள்வி. அந்த அளவைக் கடந்தபின் அது என்ன செய்யும் என்பது வேறொரு கேள்வி. உயிர் பிழைப்பது இரண்டாம் கேள்வியின் விடையைப் பொறுத்தது.

ஒட்டுப்பலகைச் சுவரை அளவுக்கு மீறித் தள்ளினால் இரும்பாணிகள் வளைகின்றன. இரும்பு வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் ஆற்றலை விழுங்குகிறது. சுவர் சாய்ந்தாலும் விசையை விட்டுவிடுவதில்லை. ஜிப்சம் பலகையிலோ ஆணி வளைவதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள ஜிப்சம் பொடியாகிறது. சுவர் மறுபுறம் சாயும்போது ஆணி, பொடியான துளைக்குள் பிடிமானமின்றி நகர்கிறது. இப்படி முன்னும் பின்னும் ஆடியாடித் துளை நீண்டு பிளவாகிறது. இறுதியில் ஆணித்தலை தாளைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது. 8 அடி உயரச் சுவரின் மேல்விளிம்பு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்வதற்குள் ஜிப்சம் சுவர் தன் உச்ச வலிமையை எட்டித் தளரத் தொடங்கிவிடும். ஒட்டுப்பலகைச் சுவர் 2 அங்குலம் நகர்ந்த பின்னும் தாங்கி நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டில் விறைப்பான சுவரும் வளைந்து கொடுக்கும் சுவரும் இருந்தால், விசை முதலில் விறைப்பானதையே நாடும். ஜிப்சம் பலகை தொடக்கத்தில் மிகவும் விறைப்பானது என்பதால், வடிவமைத்தவர் அதைக் கணக்கில் சேர்த்திருந்தாலும் சேர்க்காவிட்டாலும் முதல் அடி அதன்மேல்தான் விழும். அது உடைந்தபின்தான் மற்றவை முழுச் சுமையை ஏற்கும். ஆகவே இரண்டின் வலிமையையும் கூட்டி மொத்தம் போடுவது முறையாகாது. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. மற்றது உச்சத்தை எட்டும்போது இது உறங்கிப்போய்விட்டது.

1994 ஜனவரி 17

இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் நிற்கவில்லை. 1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அதிகாலை 4.31 மணிக்கு, கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்னும் மூன்றடுக்கு மரச்சட்டக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் தரைத்தளத்தில் ஒரு பகுதி கார்கள் நிறுத்தும் திறந்த இடம். எஞ்சிய பகுதியில் மக்கள் குடியிருந்தனர். வெளியே சிமெண்டுப் பூச்சும் உள்ளே ஜிப்சம் பலகையும் கொண்ட சுவர்களை நம்பி அக்கட்டடம் நின்றது. சில நொடிகளில் தரைத்தளம் பக்கவாட்டில் சாய்ந்து நசுங்க, மேலிரண்டு தளங்கள் அதன்மேல் அமர்ந்தன. கீழே உறங்கிக்கொண்டிருந்தோருள் 16 பேர் மாண்டனர்.

குற்றம் ஜிப்சம் பலகையுடையது மட்டும் அன்று. காருக்காகச் சுவர்களை எடுத்துவிட்டுத் தரைத்தளத்தை மெலியவைத்ததும், எஞ்சிய சிறிது சுவருக்கும் நொறுங்கும் பொருளையே துணையாக்கியதும் சேர்ந்தே அந்த விளைவைத் தந்தன. அந்த நடுக்கத்தில் ஏற்பட்ட பொருள்சேதத்தில் பெரும்பகுதி மரச்சட்டக் கட்டடங்களில் நேர்ந்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி முழு வீடுகளையே நடுக்க மேடைமேல் ஏற்றிச் சோதித்தன. சான்பிரான்சிஸ்கோ நகரம் 2013ஆம் ஆண்டிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் 2015ஆம் ஆண்டிலும், மெலிந்த கீழ்த்தளம் கொண்ட பழைய மரக்கட்டடங்களை வலுப்படுத்துவதைக் கட்டாயமாக்கின.

விதிகள் கற்றுக்கொண்டவை

இன்றைய அமெரிக்க விதிகள் ஜிப்சம் பலகையை ஒதுக்கிவிடவில்லை. அதன் இடத்தை வரையறுத்துள்ளன. காற்றுக்கு அதை ஓரளவு தாராளமாக ஏற்கின்றன. ஒட்டுப்பலகையோடு அதன் வலிமையைக் கூட்டிக்கொள்ளவும் இசைகின்றன. நிலநடுக்கத்துக்கு அந்தக் கூட்டல் செல்லாது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. காற்று பெரும்பாலும் ஒரே திசையில் தள்ளும். அதன் உச்ச விசையையும் ஓரளவு முன்கூட்டிக் கணிக்கலாம். நிலநடுக்கமோ முன்னும் பின்னும் மாறி மாறி உலுக்கும். மாறி மாறி உலுக்குவதைத்தான் ஜிப்சம் பொறுக்காது.

இதை ஓர் எண்ணாலும் சொல்லலாம். நிலநடுக்கத்தில் ஒரு கட்டடம் உடையாமல் நிற்பதாக வைத்துக் கணக்கிட்ட விசையை, அது வளைந்து கொடுக்கும் தன்மைக்கேற்ப ஓர் எண்ணால் வகுத்து வடிவமைப்பது அங்குள்ள முறை. ஒட்டுப்பலகைச் சுவர்களுக்கு அந்த எண் 6.5; ஜிப்சம் போன்ற பிறவற்றுக்கு 2 மட்டுமே. அதாவது ஜிப்சத்தை மட்டும் நம்பும் கட்டடத்தை மூன்று மடங்குக்கும் மேலான விசைக்கு வடிவமைக்க வேண்டும். அபாயம் மிகுந்த இடங்களில் அதற்கு அனுமதியே இல்லை.

ஜப்பானியர் சுவர்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். ஒருபுறம் அடித்த ஜிப்சம் பலகைக்கு 0.9; ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் என்னும் அளவுள்ள மரச்சாய்வுச் சட்டத்துக்கு 2; ஒட்டுப்பலகைக்கு 2.5. வீட்டின் பரப்புக்கேற்ப இவ்வளவு மதிப்பெண்ணுக்குச் சுவர் வேண்டும் என்பது விதி. ஜிப்சத்துக்குத் தேர்ச்சி உண்டு. முதல் வகுப்பு இல்லை.

நியூசிலாந்து இவ்விரண்டு நாடுகளையும் விடத் துணிந்த வழியில் சென்றது. அங்கே ஜிப்சம் பலகையே வீட்டின் முதன்மையான தாங்கலாக வழங்குகிறது. அதற்கென்றே அடர்ந்த பலகைகளைச் செய்து, மூலைகளில் நெருக்கமாகத் திருகாணி இட்டு, ஒவ்வொரு வகையையும் சோதனைச் சாலையில் தள்ளி இழுத்துப் பார்த்து அலகு குறித்துவிடுகின்றனர். 2010, 2011ஆம் ஆண்டுகளில் கிறைஸ்ட்சர்ச் வட்டாரத்தில் நேர்ந்த நடுக்கங்களில், இலேசான மரவீடுகள் பெரும்பாலும் இடியாமல் நின்று, உள்ளிருந்தோர் உயிரைக் காத்தன. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளில் உட்சுவர்கள் வெடித்தன. சன்னல், வாயில் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடிய வெடிப்புகளைப் பூசி மறைத்தால் போதுமா, பலகையையே மாற்ற வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பூச்சு என்று நினைத்தால் வெடிப்பு அழகுக்குறை. தாங்கல் என்று நினைத்தால் அதே வெடிப்பு வலிமைக்குறை. அந்நாட்டில் 2022ஆம் ஆண்டில் பலகைத் தட்டுப்பாடு வந்தபோதும் இதே நிலை. வரைபடத்தில் தாங்கலுக்காகக் குறித்த பலகைக்குப் பதில் வேறொன்றை எளிதில் மாற்ற இயலாமல் கட்டடங்கள் காத்துக் கிடந்தன.

மறைந்து நிற்கும் பொறுப்பு

ஜிப்சம் பலகையின் பெரிய குறை அதன் வலிமைக்குறைவு அன்று. அதன் பணி யார் கண்ணுக்கும் தெரியாதிருப்பதே என்பது என் கருத்து. ஒரு தூணை வெட்டுவதற்கு முன் எவரும் ஒருமுறை யோசிப்பர். ஆனால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வாயில் திறக்கவோ, அலமாரி பதிக்கவோ, குழாய் கசிந்து ஊறிப்போன பலகையை எடுத்தெறியவோ யாரும் யோசிப்பதில்லை. நீரில் ஊறிய ஜிப்சம் ஆணியைப் பிடிக்கும் வலிமையை இழந்துவிடுகிறது. காய்ந்தபின் மேலே வண்ணம் பூசினால் வெளியே ஒன்றும் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து அவ்வீட்டை வாங்குபவர் எதை வாங்கினார் என்று அவருக்கே தெரியாது.

நம் வீடுகளில் சட்டத்துக்கு ஜிப்சம் பலகை தாங்கலாக இல்லை. இங்கே அது பொய்க்கூரையாகவும் அலுவலகத் தடுப்பாகவுமே வழங்குகிறது. ஆயினும் இதே பாடம் வேறு உருவில் நம்மிடம் உண்டு. காங்கிரீட்டுத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இடையே நாம் கட்டும் செங்கற்சுவரை வெறும் அடைப்பு என்றே கருதுகிறோம். கணக்கில் இல்லாவிட்டாலும் அது கட்டடத்தை விறைப்பாக்குகிறது. மேல்தளங்களில் எல்லாம் அதைக் கட்டிவிட்டுத் தரைத்தளத்தில் மட்டும் கார்களுக்காக எடுத்துவிட்டால், அசைவெல்லாம் அந்த ஒரு தளத்தில் குவியும். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் பல இப்படித்தான் வீழ்ந்தன. நார்த்ரிட்ஜில் நடந்ததன் மறுபதிப்பு அது. பொருள்தான் வேறு.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். சித்திரம் சுவரைத் தாங்கும். ஆனால் தன் அளவில்தான் தாங்கும். இலேசான கூரையுள்ள சிறிய வீட்டில், காற்றின் விசைக்கு, விளிம்பெல்லாம் ஆணியடித்த ஜிப்சம் பலகை தக்க துணை. நிலம் நடுங்கும் நாட்டில் பல அடுக்குகளை அதன் தலையில் ஏற்றுவது தகாது. அதைத் துணையாகக் கொண்டால் அவ்வாறு கொண்டதை வரைபடத்தில் எழுதிவைக்க வேண்டும். பின்னால் சுத்தியலோடு வருபவர் அதைப் படித்தறிய வேண்டும். ஒரு பொருளிடம் வேலை வாங்குகிறோம் என்றால் அந்த வேலை இன்னதென்று நமக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?